நேபாள மலைநடை: ரத்து செய்யும் முன் பாதையை மாற்றிப் பாருங்கள்

வணக்கம். காத்மாண்டில் மறுபடி கலவரம் வந்தால் எவரெஸ்ட் அடிவார முகாம் பயணம் என்னவாகும், அப்பா டிக்கெட்டையே ரத்து செய்யச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். 2025 செப்டம்பரில் நாடாளுமன்றக் கட்டடமே எரிந்தது, அப்போதைய பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகினார், விமான நிலையத்தை மூடினார்கள். கலவரம் நகரத்தில்தான், ஆனால் மலைக்குப் போய்ச் சேரும் வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

எவரெஸ்ட் நடை தொடங்கும் லுக்லாவுக்கான விமானம், மலைநடைக் கூட்டம் மிகுந்த பருவத்தில் பெரும்பாலும் காத்மாண்டிலிருந்து கிளம்பாது. நள்ளிரவில் ஜீப் ஏறி, நான்கைந்து மணி நேரம் தள்ளியுள்ள மந்தலிக்குப் போக வேண்டும். ஒரு பந்த் வந்தால் அந்தச் சாலை போயிற்று. மேகம் இறங்கினாலும் விமானம் நிற்கும். நீங்களோ திரும்பிய மறுநாளே மதுரையில் வேலைக்குச் சேர வேண்டும் என்கிறீர்கள்! மூன்று நாளாவது உபரியாக வையுங்கள்.

முடியாதென்றால் அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு (4,130 மீட்டர்) மாறுங்கள். கோரக்பூர் வரை ரயில், சுனௌலியில் எல்லை, அங்கிருந்து பஸ்ஸில், அன்னபூர்ணாவுக்கு வாசலான போக்கரா நகரம். காத்மாண்டைத் தொடவே வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை அசலாகக் கையில் இருக்கட்டும், ஆதாரை நம்பிப் போகாதீர்கள்.

காப்பீடு எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, கலவரத்தால் ரத்தானால் பணம் வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கைக்குச் சுமையோடு ஏறிப் பழகுவது காலுக்கு நல்லது; மூச்சுக்கு உதவாது. 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் உடனே இறங்குங்கள், கூட வந்தவர்கள் என்ன சொன்னாலும் சரி.