இரத்த ஓட்டப் பாடத்தில் மதிப்பெண் குறைந்தால் உயிரியலை விட்டுவிட வேண்டுமா?

மகள் இரத்த ஓட்ட மண்டலப் பாடத்தில் கோட்டைவிட்டதைப் பார்த்துவிட்டு, "இவளைக் கணிதப் பிரிவுக்கு மாற்றிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இதயத்தில் மீனுக்கு இரண்டு அறை, தவளைக்கு மூன்று, பறவைக்கு நான்கு என்ற பட்டியல் மறந்துபோனதை வைத்து யாருடைய திறமையையும் அளக்க முடியாது. அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் அவளுக்குப் பிடிபடுகிறதா? நான் பார்ப்பது அதைத்தான்.

புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள்: கரப்பான் பூச்சியின் இரத்தம் ஏன் சிவப்பாக இல்லை? அதன் உடலெங்கும் கிளைத்திருக்கும் மூச்சுக்குழல்கள் ஆக்சிஜனை நேரடியாகத் திசுக்களுக்கே கொண்டுபோய்விடுகின்றன. இரத்தத்துக்கு அந்த வேலை இல்லை, அதனால் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் புரதமான ஹீமோகுளோபினும் தேவைப்படவில்லை. குழாய்களுக்குள் அடைபடாமல் உறுப்புகளைச் சுற்றி மெதுவாக ஓடும் திறந்த வகை ஓட்டமே அதற்குப் போதும். அப்படியானால் மண்புழுவின் இரத்தம் மட்டும் ஏன் சிவப்பு? அது தோலால் சுவாசிக்கிறது. தோலில் கிடைத்த ஆக்சிஜனை உள்ளே கொண்டுசேர்க்க ஆள் வேண்டும். அங்கே ஹீமோகுளோபின் செல்களுக்குள் இல்லாமல் இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவிலேயே கரைந்திருக்கிறது. தட்டுத்தடுமாறியாவது இந்தத் திசையில் அவள் யோசித்தால் உயிரியலிலேயே இருக்கட்டும்.

அறைகளின் எண்ணிக்கையும் இப்படித்தான். மீனின் இதயம் தள்ளும் இரத்தம் முதலில் செவுள்களின் நுண்குழாய்களைக் கடக்கிறது. அங்கேயே அழுத்தம் குறைந்துவிடுவதால் உடலுக்கு மெதுவாகத்தான் போகிறது. நுரையீரல் உள்ள விலங்குகளில் இரத்தம் நுரையீரலிலிருந்து இதயத்துக்குத் திரும்பிவந்து மறுபடி தள்ளப்படுகிறது. தவளைக்கு வெண்ட்ரிக்கிள், அதாவது இரத்தத்தை வெளியே தள்ளும் அறை, ஒன்றே என்பதால் ஆக்சிஜன் மிகுந்த இரத்தமும் குறைந்த இரத்தமும் ஓரளவு கலக்கும். உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள ஏராளமான ஆக்சிஜன் தேவைப்படும் பறவைக்கும் பாலூட்டிக்கும் அந்தக் கலப்பு கட்டுப்படியாகாது; அதனால்தான் நான்கு அறை. ஊர்வனவற்றில் முதலைக்கு மட்டும் நான்கு அறை. மனப்பாடம் செய்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது.

கணிதமா உயிரியலா என்று நீங்கள் எதிரெதிராக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. இரத்தம் சுற்றி வருகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் எழுதியபோது, அவருடைய வலுவான வாதங்களில் ஒன்று வெறும் பெருக்கல் கணக்கு. இன்றைய அளவுகளில் போட்டுப் பாருங்கள்: ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்குச் சுமார் 70 துடிப்பு. நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 5 லிட்டர் வருகிறது. மணிக்கு 300 லிட்டர் புது இரத்தத்தை எந்த உணவாலும் உண்டாக்க முடியாது. ஆகவே அதே இரத்தம்தான் திரும்பத் திரும்ப ஓட வேண்டும். தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களான தந்துகிகளை ஹார்வி பார்த்ததில்லை. தவளை நுரையீரலில் நுண்ணோக்கி வழியாக இத்தாலிய மருத்துவர் மால்பிகி அவற்றைக் கண்டது 1661இல்தான்.

இந்தக் கணக்கு உங்கள் மகளுக்குப் பிடித்திருந்தால் உயிர்மருத்துவப் பொறியியல் ஒரு நல்ல வழி. கணிதத்தைக் கைவிடாமல் உயிரியலையும் சேர்த்துப் படிக்கட்டும். இதய அறுவை சிகிச்சையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட், இதயத்தை ஒலியலைகளால் படமெடுக்கும் எக்கோ தொழில்நுட்பர் ஆகியோருக்கு இந்தப் பாடம் அன்றாட வேலை. பெர்ஃபியூஷன் பணியில் மணிக்கணக்கில் கவனம் சிதறாமல் இருக்க வேண்டும்; அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். விலங்குகள் மீதே ஆர்வம் என்றால் கால்நடை மருத்துவம், மீன்வள அறிவியல், விலங்கியல் ஆராய்ச்சி இருக்கின்றன. மருத்துவராவது மட்டுமே வழி என்று வீட்டில் பேசாமலிருந்தால் பாதி பயம் குறையும்.

ஒரு வாரம் பொறுங்கள். மீன், தவளை, மனிதன் மூன்றுக்கும் இரத்தம் போகும் பாதையை அம்புக்குறி போட்டு அவளே வரையட்டும். ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்துக்குச் சிவப்பு மை, குறைந்ததற்கு நீல மை. பிறகு ஒவ்வோர் அம்பும் ஏன் அந்தப் பக்கம் போகிறது என்று உங்களுக்கு விளக்கட்டும். விளக்குவதில் அவளுக்கு ஆர்வமே இல்லையென்றால், பிரிவை மாற்றுவது பற்றி அவளிடமே கேட்டு முடிவெடுங்கள்.