மூன்று ஏரிகளைத் தாண்டி ஸ்னோடன் உச்சிக்கு

கேள்வி: ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை நாலு குடும்பமாக, மொத்தம் பதிமூன்று பேர், வேல்ஸில் இருக்கும் ஸ்னோடன் மலையில் ஏறி அன்றைக்கே இறங்கத் திட்டம். சின்னவளுக்கு 11 வயது, மாமியாருக்கு 61. அவரவர் வேகத்தில் ஏறி உச்சியில் சந்தித்துக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். சரிவருமா? எந்தப் பாதையில் போகலாம்?
– ஒரு வாசகி, பர்மிங்காம்

பதில்: மைனர்ஸ் டிராக் என்கிற சுரங்கக்காரர் பாதையில் போங்கள். ஆனால் அவரவர் வேகத்தில் என்கிற பேச்சு மட்டும் வேண்டவே வேண்டாம்.

மலையின் உயரம் 1,085 மீட்டர். வெல்ஷ்காரர்கள் எர் வித்வா என்பார்கள். பாதை தொடங்கும் பென்-இ-பாஸே 359 மீட்டரில் இருப்பதால் நீங்கள் ஏற வேண்டியது சுமார் 725 மீட்டர், போய்வர 13 கிலோமீட்டர். ஆறு மணி நேரம் என்பார்கள், நீங்கள் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அந்தக் கவலை இல்லை. கார் நிறுத்த முன்பதிவு செய்துவிடுங்கள்.

இந்தப் பாதையை நான் சொல்வதே ஏரிகளுக்காகத்தான். செம்புத் தாது கொண்டுபோக சுரங்கக்காரர்கள் போட்ட வழி இது, அதனால் முதல் பாதி அகலமாக, ஏற்றமே தெரியாமல் போகும். முதலில் சின்னதாக லின் டெயர்ன். அப்புறம் நீளமான லின் லிடாவ், அதன் குறுக்கே 1853-இல் கட்டிய கல்பாலத்தின் மேல் நடப்பீர்கள். பிறகு கொஞ்சம் ஏறினால் சுமார் 600 மீட்டர் உயரத்தில் கிளாஸ்லின், பச்சையும் நீலமுமாக, சுற்றிலும் பாறைச்சுவர், நேர் மேலே உச்சி. அந்தக் கரையில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தாலே வந்த பலன் கிடைத்துவிடும், மனதாரச் சொல்கிறேன்.

முடிவை அங்கேதான் எடுக்க வேண்டும். கிளாஸ்லினுக்கு மேல் வழி அடியோடு மாறிவிடும்: சரளைக்கல், கையூன்றி ஏறும் செங்குத்து, இன்னும் 480 மீட்டர் பாக்கி. ஒவ்வொரு ஏரியிலும் கடைசி ஆள் வரும்வரை எல்லாரும் நில்லுங்கள். கிளாஸ்லினில் மாமியாரோ குழந்தையோ போதும் என்றால் இரண்டு பெரியவர்கள் துணைக்கு இறங்கட்டும், வந்த வழியேதான், தவறவே முடியாது. கரையிலேயே காத்திருக்கச் சொல்லாதீர்கள், காற்றில் அரை மணி நேரத்தில் உடம்பு விறைத்துவிடும். கீழே பென்-இ-பாஸில் கழிப்பறையும் டீயும் இருக்கின்றன.

மேலே போகிறவர்கள் ஒரே கூட்டமாகப் போங்கள், உங்கள் கணவர் கடைசி ஆளாக வரட்டும். ஒருமுறை நாங்கள் ஒன்பது பேர் ஆளுக்கொரு வேகத்தில் போனோம். உச்சியில் மேகம் இறங்கிப் பத்தடிக்கு மேல் தெரியவில்லை, இரண்டு பேரைக் காணவில்லை, மூன்று மணி நேரம் நாங்கள் பட்ட பாடு இன்னும் நெஞ்சில் இருக்கிறது. உச்சிவரை ஏறிவரும் மலை ரயிலின் பாதையை ஒட்டி இறங்கும்போது, வலது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் ஆள் உயரக் கல் ஒன்று நட்டிருக்கிறது. அவர்கள் அதைக் கவனிக்காமல் நேரே நடந்து, மலையின் இன்னொரு பக்கம் லான்பெரிஸ் ஊருக்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஏறும்போதே எல்லாரையும் அந்தக் கல்லைத் திரும்பிப் பார்த்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரயில் இருக்கிறதே, முடியாவிட்டால் அதில் இறங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், இடம் கிடைக்கும் என்று நினைத்து ஏறவே கூடாது. ஜூன்தானே என்று ஸ்வெட்டர், மழைக்கோட்டு இல்லாமலும் கிளம்பாதீர்கள். மதியம் இரண்டரைக்குள் உச்சியைத் தொடவில்லை என்றால் நிற்கிற இடத்திலிருந்தே திரும்புவது என்று காரில் வரும்போதே எல்லாரிடமும் பேசி முடித்துவிடுங்கள், மலைமேல் நின்றுகொண்டு அதைப் பேசினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.