சீலிங்கில் மாட்டிய புரொஜெக்டர்: கீழே அகலம், ஓரத்தில் மங்கல்

சீலிங்கில் மாட்டிய புரொஜெக்டரில் படம் கீழே அகலமாக விழுகிறது, சப்டைட்டில் ஓரங்களில் மங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். கீஸ்டோனை (கோணலாக விழும் படத்தை நேராக்கும் மெனு அமைப்பு) முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். 100 அங்குலத் திரையில் சப்டைட்டில் ஓரங்களில் மங்குவதற்கு லென்ஸைவிட அதன்மீதுதான் எனக்குச் சந்தேகம். டிஜிட்டல் கீஸ்டோன் படத்தைச் சுருக்கித்தான் நேராக்கும். சில பிக்சல்கள் வீணாகும், எழுத்தின் கூர்மை போய்விடும்.

படம் கீழே அகலமாக விழுகிறது என்றால் புரொஜெக்டர் முன்பக்கம் குனிந்திருக்கிறது. தலைகீழாக மாட்டும்போது பலரும் திரையை நோக்கிச் சாய்த்துவிடுகிறார்கள். தேவையே இல்லை. பெரும்பாலான டிஎல்பி (நுண்கண்ணாடிச் சிப்பால் படம் காட்டும் வகை) மாடல்களில் ஆஃப்செட் உண்டு, அதாவது படம் தானாகவே லென்ஸுக்குக் கீழே விழும். மேனுவலில் ஆஃப்செட் 105% என்றிருந்தால், உங்கள் திரையின் உயரம் சுமார் 125 செ.மீ. என்பதால், லென்ஸ் திரையின் மேல் விளிம்புக்கு 6 செ.மீ. மேலே நிற்க வேண்டும்.

சோதிக்க:
1. புரொஜெக்டர்மேல் ரசமட்டம் வையுங்கள் (மொபைலில் இருப்பதும் போதும்). குமிழி நடுவில் நிற்கட்டும்.
2. கட்டம் போட்ட டெஸ்ட் படத்தைப் போட்டு, இரு பக்கக் கோடுகளும் செங்குத்தா என்று பாருங்கள்.

மட்டமாக்கியதும் படம் திரைக்கு மேலே ஏறினால் மறுபடி சாய்க்காதீர்கள். நீளமான மவுன்ட் கம்பி போட்டு இறக்குங்கள். லென்ஸ் ஷிஃப்ட் (திருகைத் திருப்பிப் படத்தை மேலும் கீழும் நகர்த்தும் வசதி) உள்ள மாடல் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, அந்தத் திருகிலேயே வேலை முடிந்துவிடும்.