தொழிலாளி கொடுத்த புகாரின் பேரில்தான் தொழிலாளர் ஆய்வாளர் வந்தார் என்பது முதலாளிக்குத் தெரியவருமா?

தெரியவரக் கூடாது என்பதே விதி. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1947ஆம் ஆண்டு 81ஆம் எண் உடன்படிக்கையின்படி, புகார் கொடுத்தவர் யார் என்பதை மட்டுமல்ல, புகாரின் காரணமாகத்தான் ஆய்வு நடக்கிறது என்பதையும்கூட ஆய்வாளர் முதலாளியிடம் வெளிப்படுத்தக் கூடாது. இந்த இரண்டாவது பகுதியைப் பலர் கவனிப்பதில்லை.

ஆய்வுக்கு உட்பட்ட பணியிடத்துக்குள் இரவு பகல் பாராமல், முன்னறிவிப்பின்றி நுழையும் அதிகாரத்தையும் அதே உடன்படிக்கை அளிக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்லும் ஆய்வில் பெரும்பாலும் துடைத்து வைத்த தரையும் புதிதாக எழுதிய பதிவேடும்தான் கண்ணில் படும். ஒரு மாத வருகைப் பதிவு முழுவதும் ஒரே பேனாவால், ஒரே சாய்வில், எல்லோரும் சரியாக ஒன்பது மணிக்கு வந்ததாக எழுதப்பட்டிருந்தால், அனுபவமுள்ள ஆய்வாளர் அதை மூடி வைத்துவிட்டுத் தொழிலாளர்களிடம் தனியாகப் பேசத் தொடங்குவார். அவ்வாறு தனியே விசாரிக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

குறை கண்டவுடன் வழக்குத் தொடுத்தாக வேண்டும் என்பதில்லை; எச்சரிக்கையோ அறிவுரையோ போதுமா என்பதை அவரே தீர்மானிக்கலாம். இந்தச் சலுகை தவறாகவும் பயன்படக்கூடும் என்பது என் கருத்து.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்தே பேர் வேலை செய்யும் இடத்தில், ஒருவருக்கு மட்டும் மிகைநேர ஊதியம் தரப்படவில்லை என்றால், ஆய்வாளர் அந்தக் கணக்கை மட்டும் கேட்டாலே ஆள் யாரென்று விளங்கிவிடும். எனவே அனைவரின் ஊதியப் பதிவேடுகளையும் சேர்த்தே பார்க்கும்படி புகாரிலேயே கோருவது நல்லது.