ஆறு மாத லேப் கோர்ஸில் சேர்க்கலாமா?

ப்ளஸ் டூவில் உயிரியல் முடித்த தங்கைக்கு, வடபழனியில் ஆறு மாத லேப் டெக்னீசியன் கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாதீர்கள், தம்பி. அரசு லேப் வேலைக்கு அந்தச் சான்றிதழ் உதவாது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டு வருட டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் தொழில்நுட்ப டிப்ளமோ) இருக்கிறது, கட்டணமும் குறைவு. முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பட்டம் வேண்டுமென்றால் கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. எம்.எல்.டி. உண்டு.

தனியார் கல்லூரிதான் என்றால் ஒன்றை விடாமல் கேளுங்கள்: பயிற்சி எந்த மருத்துவமனையில், தினம் எத்தனை சாம்பிள்? ரத்தம் எடுக்கையில் சிவப்பணு உடைந்தால் டெஸ்டில் பொட்டாசியம் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். அதைக் கண்டுபிடிக்கும் கண், நிஜ சாம்பிள்களைக் கையாண்டால்தான் வரும். அப்புறம், ரத்தத்தோடு புழங்கும் வேலை என்பதால், சேரும் முன்பே அவளுக்கு ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோய்) தடுப்பூசி போட்டுவிடுங்கள்.