உரித்த சுவர் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

போன ஞாயிறு நம் ரங்கூன் பன்சோடான் தெருவின் கீழ்க்கோடியில், பழைய கட்டிடத்தைப் புதுப்பித்துத் திறந்திருக்கும் காப்பிக் கடை ஒன்றுக்குப் போனேன். பெரிய கம்பெனிக் கடை இல்லை, இரண்டு பர்மியப் பிள்ளைகள் சொந்தமாக நடத்துகிறார்கள். உயரமான கூரை, பூச்சில்லாத செங்கல் சுவர், பார்க்கவே அழகு. ஆனால் காப்பி புளித்தது. அந்த விலைக்கு டீக்கடையில் இரண்டு பேர் மீன்குழம்பு ஊற்றிய மோகிங்கா நூடுல்ஸ் சாப்பிட்டு டீயும் குடித்துவிடலாம். நம்மவர்கள் கட்டிய ஊர் இது, அந்தக் கடையில் நம் சுவடு ஒன்றுகூட இல்லையே என்று நினைத்ததும் மனம் கனத்துவிட்டது. நகரம் இப்படிப் புதுப்பிக்கப்படுவதை நாம் வரவேற்க வேண்டுமா, எதிர்க்க வேண்டுமா?

ஆர்., தாம்வே

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன். மழை முடிந்தும் ஈரம் இறங்கவில்லை. அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

விலையைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போனதைப் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு எந்த விலையும் எனக்கு விலையாகத் தெரிவதில்லை. புளிப்புக்குக் கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். ஷான் மாநிலத்து யுவாங்கான் பக்கம் காப்பியைப் பழத்தோடு வெயிலில் உலர்த்துகிறார்கள். அந்தக் கொட்டையை லேசாக வறுத்தால் பழவாசமும் கொஞ்சம் புளிப்பும் இருக்கத்தான் செய்யும். சிக்கரி கலந்து பாலில் முக்கிய நாக்கையும், பாக்கெட் காப்பிமிக்ஸ் நாக்கையும் கொண்டுபோய் அதை அளக்கக் கூடாது.

சரி, ‘நம்மவர்கள் கட்டிய ஊர்’. இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது தம்பி. அதே தெருவில் இருக்கும் சோஃபேர் கட்டிடம் 1906-இல் எழுந்தது. கட்டியவர் பாக்தாத்திலிருந்து வந்த யூதர். தரை ஓடு மான்செஸ்டர், இரும்பு உத்திரம் ஸ்காட்லாந்து. அந்தக் கால ரங்கூனில் மண்ணும் சாந்தும் சுமந்தவர்களில் தெலுங்கர், ஒரியர், தமிழர் எல்லாரும் உண்டு. மொகல் தெருவில் பெட்டியடி போட்டு உட்கார்ந்து வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார் எதையும் சுமக்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில், கடனைக் கட்ட முடியாத ஐராவதி டெல்டா விவசாயியின் நிலம்தான் அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அவரும் நம்மவர்தானே? பெருமைக்கு மட்டும் ‘நம்மவர்’, பழிக்கு ‘அந்தக் காலத்துச் செட்டிமார்’ என்றால் எப்படி?

ஆனால் நீங்கள் அழகு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சுவர், அதில்தான் எனக்கு உங்களோடு பெரிய சண்டை.

அந்தக் காப்பிக் கடைக் கட்டிடத்துக்குள்ளே இருந்த செங்கல் யார் கண்ணிலும் படுவதற்காக அடுக்கப்பட்டதில்லை. உயர்நீதிமன்றத்துக்கும் செக்ரடேரியட்டுக்கும் வெளிப்பக்கம் சிவப்புச் செங்கல் என்பது வேறு கதை. அது நன்றாகச் சுட்ட, வெளியே தெரியவேண்டும் என்றே வைத்த கல். உள்சுவருக்கு வைப்பது மிருதுவான கல். அதன்மேல் சுண்ணாம்புக் காரை, அதன்மேல் வருஷா வருஷம் வெள்ளை. வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊர் இது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும், மூச்சுவிடுகிற மாதிரி. அதைச் சுரண்டிவிட்டு மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்தால், கல்லுக்குள் போன தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை. உப்புப் பூக்கும். அப்புறம் கல் பொரிந்து மாவாக உதிரும். சிமெண்ட் பூசினாலும் இதே கதிதான். என் சமையலறைக்குச் சிமெண்ட் பூசிய கொத்தனார் ‘ஆயுசுக்கும் கவலையில்லை சார்’ என்றார். யாருடைய ஆயுசு என்று கேட்காமல் விட்டது என் தப்பு.

என் அப்பா வெள்ளையடிக்கிறவர். மழை ஓய்ந்து தடிஞ்சுட் பண்டிகைக்கு விளக்குகள் ஏற்றுகிற சமயத்தில் அவருக்கு ஓயாத வேலை. தகர டிரம்மில் கல் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் விடுவார். அடுப்பே இல்லாமல் அது கொதிக்கும். எட்டு வயதில், அது எப்படி என்று பார்க்க விரலை விட்டேன். முதலில் ஒரு அறை, அப்புறம் தேங்காய் எண்ணெய். தழும்பு இன்னும் இருக்கிறது. ஆறிய சுண்ணாம்பை வடிகட்டி, கஞ்சி கலந்து, கடைசியில் துணிக்குப் போடுகிற நீலத்தை ஒரு சிட்டிகை போடுவார். எவ்வளவு என்று கேட்டால், “வானம் எவ்வளவு நீலமோ அதில் பாதி” என்பார். வேலை முடிந்தால் டீக்கடை முக்காலியில் உட்கார்ந்து தன் டீயில் பாதியைத் தட்டில் ஊற்றி எனக்கு நகர்த்துவார். புருவத்திலெல்லாம் வெள்ளை படிந்திருக்கும்.

1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பெயர் கல்லில் பொறிக்கிற அளவுக்கு அவர்களில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? என் அப்பா மாதிரி ஆட்கள் இந்த ஊரில் விட்டுப்போன ஒரே பொருள் அந்தப் பூச்சு. அதைச் சுரண்டிச் சாக்கில் கட்டிக் குப்பையில் போட்டிருக்கிறார்கள். நீங்கள் அந்த அம்மணச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து அழகு என்கிறீர்கள், அதே கடிதத்தில் நம் சுவடு ஒன்றும் இல்லையே என்றும் வருந்துகிறீர்கள்! கோபித்துக்கொள்ளாதீர்கள். கனத்த மனசு நல்ல மனசுதான், கண்தான் கொஞ்சம் போதவில்லை.

வரவேற்பதா எதிர்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பிள்ளைகள் கடையை நன்றாக நடத்தட்டும், இன்னொரு முறை போய்க் குடியுங்கள். பால் வேண்டுமென்றால் வெட்கப்படாமல் கேளுங்கள். காப்பி வருவதற்குள் மின்சாரப் பெட்டிக்கு மேலேயோ உத்திரம் சுவரில் நுழைகிற இடத்திலோ பாருங்கள். உளி போகாத மூலையில் பழைய பூச்சு கையளவாவது ஒட்டியிருக்கும். அனுமதி கேட்டு நகத்தால் மெல்லச் சுரண்டினால் ஏடு ஏடாக வரும், ஒரு ஏடு ஒரு மழைக்காலம். எத்தனை ஏடு, அதில் நீலம் எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.