வேன் காலிப்பரை வீட்டிலேயே பிரித்தால் பணம் மிச்சமா?

கேள்வி: சொந்தமாக லோடு வேன் ஓட்டுகிறேன். ஓட்டம் முடிந்து நிறுத்தினால் முன்பக்க இடது சக்கரம் மட்டும் தொட முடியாமல் சுடுகிறது. பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் ஜாம், முன்னால் இரண்டையும் புதிதாக மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். கையில் இருப்பது அடுத்த மாதத் தவணைப் பணம். காலிப்பருக்குள் இருக்கும் ரப்பர் வளையங்களான சீல் கிட் வாங்கி நானே போட்டுக்கொள்ளவா, கிரெடிட் கார்டில் புதிது வாங்கவா?

பதில்: முதலில் எது கெட்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்குக் காசு ஆகாது. வேனை ஜாக்கியில் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றுங்கள். காலிப்பரை எடுத்துக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸைப் பிரிக்க வேண்டாம். காலிப்பர் நகர்ந்து ஓடும் கம்பிகளான கைடு பின்கள் இரண்டும் கையால் தள்ளினால் நகர வேண்டும். நகராமல், பேடைத் தள்ளும் பிஸ்டன் மட்டும் கிளாம்ப் வைத்து அழுத்தினால் சீராக உள்ளே போகிறதென்றால் கோளாறு பின்னில்தான். துருவைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவி, கிழிந்த ரப்பர் உறைகளை மாற்றினால் வேலை முடிந்தது. சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். இதை நீங்களே செய்யலாம்.

பிஸ்டன் அசையாவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சீல் கிட் மலிவுதான், ஆனால் பிஸ்டனில் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் புது சீலும் கசியும். அது பிரித்த பிறகுதான் தெரியும். அப்போது வேன் ஸ்டாண்டில் நிற்கும், நீங்கள் பிஸ்டன் தேடி அலைவீர்கள். ஒரு நாள் ஓட்டத்தில் டீசல் போக உங்கள் கையில் நிற்கும் தொகையை எழுதி, நிற்கப்போகும் நாட்களால் பெருக்குங்கள். அதோடு போல்ட்டை அளவாக இறுக்கும் ஒரு டார்க் ரெஞ்ச், காப்பர் வாஷர், பிரேக் ஆயில் விலையையும் சேருங்கள். மெக்கானிக் கூலியைத் தாண்டிவிட்டால் மிச்சம் எங்கே? ஆயில் லைனைத் திறந்தால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க வேண்டும். ஏர் முழுதும் போகாத பிரேக்கோடு லோடு ஏற்றுவதை நான் எந்தக் கணக்கிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புதிதுக்கும் சீல் கிட்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பழையதைக் கொடுத்துவிட்டு ரீகண்டிஷன் செய்த காலிப்பர் வாங்கலாம். உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். ஹோஸ் உள்ளே அடைத்திருந்தாலும் இதே சூடு வரும் என்பதால், காலிப்பருக்குக் காசு கொடுக்கும் முன் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தவணைப் பணத்தைத் தொடாதீர்கள். கார்டில் வாங்கினால் வட்டி விழும் தேதிக்கு முன்பே முழுதும் கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் மெக்கானிக்கிடமே இரண்டு தடவையாகத் தருகிறேன் என்று கேளுங்கள். வழக்கமான வாடிக்கையாளர் என்றால் பெரும்பாலும் சரி என்பார். அப்புறம், உதிரிபாக பில்களைத் தனியாக எடுத்து வையுங்கள். வேன் தொழிலுக்கு ஓடுவதால் அதைச் செலவுக் கணக்கில் எழுதலாம். உங்கள் சொந்த உழைப்புக்குக் கூலி போட்டு எழுத முடியாது.